ஒன்பதில் நின்ற முள்

வீட்டிலிருந்து
பிப்ரவரி 6

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் தங்கை நலம், குட்டி நலம். உங்கள் வீட்டுக்கும் ஒரு நடை போய்வந்தேன், அக்காவும் நலம். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றார்கள், வாஷர் மாற்றிக் கொடுத்தேன். "கடலுக்கடியில மூவாயிரம் மீட்டர் ஆழத்துல இருக்கிற ஓட்டையை அடைக்கத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இருக்கிற குடும்பம். வீட்டுக் குழாய் மூணு மாசமா சொட்டுது" என்றார்கள். அந்தத் திட்டில் பாதி உங்களுடையது, அதனால் அனுப்பி வைக்கிறேன்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நடுக்கடலில் நம் எண்ணெய் மேடையில் அந்த ஒற்றைப் போனுக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். இது அவர்கள் கேட்கக் கூடாத சமாசாரம்.

நான் வேறு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறேன்.

எண்ணெய்க் கம்பெனி இல்லை. பூமிக்கு அடியில் கொதிக்கிற தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்துக் கிணறு துளைத்து, அந்தச் சூட்டில் மின்சாரம் எடுத்துக்கொண்டு, ஆறின தண்ணீரைத் திரும்ப உள்ளேயே அனுப்புகிறார்கள். அதே துளைக்கருவி, அதே இரும்புக் குழாய், அதே சிமென்ட், அதே அழுத்தக் கணக்கு. மேலே வருவது மட்டும்தான் வேறு. வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம்.

திடீர் புத்தி என்று நினைக்க வேண்டாம். நான் படித்த கல்லூரியில் பெட்ரோலியம் இன்ஜினியரிங் என்ற பெயரையே எடுத்துவிட்டார்கள், தெரியுமா? 'எரிசக்திப் பொறியியல்' என்று மாற்றியிருக்கிறார்கள். என் காலத்தில் அந்த வகுப்பில் ஓர் இடம் கிடைக்கத் தவம் கிடக்க வேண்டும். இப்போது பெயரை மாற்றினாலாவது பிள்ளைகள் வருவார்களா என்று பார்க்கிறார்கள். என்னோடு படித்தவர்களில் ஒருவன் வீடு விற்கிறான், ஒருத்தி கணக்கு டியூஷன் எடுக்கிறாள், கெட்டிக்காரன் என்று நாங்கள் நினைத்திருந்தவன் பழைய கிணறுகளைச் சிமென்ட் போட்டு மூடுகிற கம்பெனியில் இருக்கிறான். அவனுக்குத்தான் இப்போது கை நிறைய வேலையாம்.

இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் நான் இறங்கி வீட்டுக்கு வந்ததும் குட்டி முதலில் கேட்டது, "அப்பா, எப்ப போவீங்க?" தூக்கி வைத்துக்கொண்டு, "ஏன் கண்ணு?" என்றேன். "நீங்க போனாத்தான் நான் பெரிய கட்டில்ல படுக்கலாம்" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

எட்டு வருஷமாக நமக்கு ஒரே வேலை, ஒரே நாற்காலி, ஒரே கட்டில். நீங்கள் நாலு வாரம், நான் நாலு வாரம். நீங்கள் கடலில் இருந்தால் நான் கரையில், நான் கடலில் இருந்தால் நீங்கள் கரையில். நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. ஹெலிகாப்டர் இறங்கும் தளத்தில் ஒரு கைகுலுக்கல், அதுவும் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. அந்தக் கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரியிடம் சான்று கேட்பதில்லை. "உங்களிடமிருந்து ஷிப்டை வாங்கிக்கொள்பவர் யாரோ, அவருக்குத்தான் எழுதுவோம்" என்றார்கள். மேலதிகாரி காகிதத்தைப் பார்ப்பார், அடுத்து வருகிறவன்தான் வேலையைப் பார்ப்பான் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அடுத்து வருகிறவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர்கள் கடிதம் உங்களுக்கு வரும். நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள். நீங்கள் எழுதினால் வேலை கிடைத்த மாதிரிதான் என்று பேட்டி எடுத்தவர் சாடையாகச் சொன்னார்.

உங்கள் தங்கையிடம் இன்னும் சொல்லவில்லை. ஆசை காட்டிவிட்டுக் கிடைக்காமல் போனால் அந்த முகத்தை யார் பார்ப்பது?

அன்புடன்,
மாப்பிள்ளை


மேடையிலிருந்து
பிப்ரவரி 10

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அதே ஹெலிகாப்டர் தபால் பையில் வெந்நீர்க் கம்பெனியின் கடிதமும் வந்தது. சமையல்காரர் இரண்டையும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "வீட்ல எதாவது விசேஷமா சார்?" என்றார். ஆமாம், எங்கள் மாப்பிள்ளை வெந்நீர் போடக் கிளம்பிவிட்டார் என்று சொல்லவா முடியும்?

வெந்நீர் போட நாலு வருஷப் படிப்பு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அது கிடக்கட்டும்.

எனக்கு இந்த வேலை கிடைத்த அன்றைக்கு, பாங்க்கில் இருந்த என் அப்பாவின் சிநேகிதர் ஒருவர், "இன்னும் இருபது வருஷத்துல எண்ணெய் தீர்ந்துடும் தம்பி, பேசாம பாங்க் பரீட்சை எழுது" என்றார். இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. எண்ணெய் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது ஒரு மெஷின் நிற்கிறது. மூன்று தடவை விலை விழுந்து ஆட்களைக் கழித்தார்கள். ஹெலிகாப்டரை விட்டு இறங்கும்போதே பெயர் வாசிப்பார்கள், பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட விடமாட்டார்கள். விலை ஏறினதும் அதே ஆட்களுக்குப் போன் போட்டு, "எப்ப வர்றீங்க சார்?" என்று குழைவார்கள். இந்தத் தொழிலுக்கு எதிர்காலம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை மாப்பிள்ளை. அடுத்த ஷிப்ட் என்று ஒன்றுதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் வீடு கட்டினேன், தங்கைக்குக் கல்யாணம் செய்தேன், இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. நேற்று மூன்றாம் கிணற்றிலிருந்து சாம்பிள் பிடித்தேன். கண்ணாடிக் குப்பியில் மேலே ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய், அதற்குக் கீழே முழுக்கத் தண்ணீர். இப்படியே போனால் நாமும் வெந்நீர்க் கம்பெனிதான், சூடு ஒன்றுதான் பற்றாது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. நான் வெளியே போகிற வரைக்கும் இந்த எண்ணெய் வயல் ஓடும். உங்களுக்கு நாற்பது. உங்களுக்கு ஓடாது. அது எனக்குத் தெரிந்திருப்பதால்தான் எரிச்சலாக வருகிறது.

சரி, மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்வதா? அவர்கள் அனுப்பிய தாளில் நாலைந்து கேள்விகள்தான். இரண்டாவது, 'இவர் உங்களிடம் ஒப்படைத்த விவரங்களில் எப்போதாவது தவறு கண்டிருக்கிறீர்களா?' ஒருபோதும் கண்டதில்லை என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. நாளைக்கு எழுதிப் பையில் போடுகிறேன்.

மச்சான்


மேடையிலிருந்து
பிப்ரவரி 11

மாப்பிள்ளை,

நேற்று எழுதின கடிதத்தை ஒட்டிவிட்டேன். அதைப் பிரிக்க மனமில்லை. இரண்டும் ஒரே பையில்தான் வரும்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி அந்தக் கேள்வியைப் பார்த்தேன். தவறு கண்டதில்லை என்று எழுதினால் தேடிப் பார்த்தேன் என்று அர்த்தம். நான் தேடிப் பார்த்திருக்கிறேனா?

முக்கால்வாசி அழுத்தம் கண்ட்ரோல் ரூம் திரையிலேயே தெரிகிறது. ஏழாம் கிணறு மாதிரிச் சில கிணறுகளின் வெளிக்குழாய்க்கு மட்டும் இன்னும் அழுத்தம் காட்டும் அந்தப் பழைய முள் கேஜ்தான். ஏழாவதின் கேஜ் கீழ்த்தளத்தில், உப்பு படிந்த ஏணிக்கு அடியில். ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் தனித்தனியாகக் கீழே இறங்கி, கேஜுக்கு அடியிலுள்ள வால்வை மூடி, காற்றை வெளியே விட்டு, முள் பூஜ்யத்துக்கு விழுகிறதா, திறந்தால் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். விதி அது. வேறு ஆள் எழுதிக் கொடுத்திருந்தால் வந்த அன்றே ஸ்பானரோடு இறங்கியிருப்பேன். மாப்பிள்ளை எழுதி வைத்ததைச் சோதிக்க ஸ்பானர் எடுத்துக்கொண்டு போவது நன்றாகவா இருக்கும்? கிரேன்காரர் பார்த்தால் என்ன நினைப்பார்? 'ஒன்பது' என்று எழுதியிருந்தீர்கள். மேலிருந்து டார்ச் அடித்து எட்டிப் பார்த்தேன், ஒன்பது. போதும் என்று வந்துவிட்டேன். திரும்பும்போது நானும் ஒன்பது என்று எழுதினேன். எத்தனை தடவை இப்படி என்று கணக்கில்லை.

இன்று காலையில் இறங்கினேன். வால்வை மூடிக் காற்றை விட்டேன். உஸ்ஸென்று போயிற்று. முள் அசையவில்லை. தட்டினேன். ஒன்பதிலேயே நின்றது. செத்துப்போன கேஜ், மாப்பிள்ளை. ஸ்டோரிலிருந்து புதியது ஒன்றைக் கொண்டுவந்து மாட்டி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தேன். முள் ஒன்பதைத் தாண்டியது. இருபது, நாற்பது. நிற்கவே இல்லை. அறுபத்து நாலில் போய் நின்றது. அந்தத் துருப்பிடித்த வெளிக்குழாய் எழுபதுக்கு மேல் தாங்காது. உள்குழாய் எங்கேயோ ஓட்டையாகி, உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் நடு இடைவெளியில் வந்து நிறைந்திருக்கிறது. எனக்கு நேர் மேலே சாப்பாட்டு அறை. பதினெட்டுப் பேர் காலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறி ஓடினேன்.

கிணற்றை உடனே மூடிவிட்டோம். அழுத்தத்தை மெதுவாக இறக்கிக்கொண்டிருக்கிறோம். அடைக்கிற ஆட்கள் நாளை மறுநாள் வருகிறார்கள். ஆபத்து தாண்டிவிட்டது, பயப்பட வேண்டாம்.

ஆனால் ஆபீஸில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். "கேஜ் எப்பலேருந்து செத்திருக்கு?" இந்த வாரக் கடைசிக்குள் எழுத்தில் சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? கடைசியாக எப்போது வால்வை மூடித் திறந்து பார்த்தீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

சான்றுத் தாள் இன்னும் மேஜைமேல்தான் கிடக்கிறது.

மச்சான்


வீட்டிலிருந்து
பிப்ரவரி 14

மச்சானுக்கு,

இரண்டு கடிதத்தையும் படித்தேன். உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும்.

கேட்டதற்குப் பதில். எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். நீங்கள் ஒன்பது என்று எழுதியிருந்தீர்கள், நானும் ஒன்பது என்று எழுதினேன். இருபத்தெட்டு வருஷ அனுபவம் உள்ள மனுஷன், என் பெண்டாட்டியின் அண்ணன், கையெழுத்துப் போட்டு வைத்திருப்பதை நான் ஸ்பானர் வைத்துச் சோதிப்பதா? நீங்கள் என்னைச் சோதிக்காதது மரியாதை என்றால் நான் உங்களைச் சோதிக்காததும் அதேதான். இப்போது மட்டும் ஏன் என்னிடம் விசாரணை?

கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபம்தான். யோசித்துப் பாருங்கள். கேஜ் செத்தது எப்போது என்று கேஜுக்கே தெரியாது. இந்த வாரம் செத்தது என்று எழுதினால் பொய் என்று யார் சொல்ல முடியும்? நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள், நீங்கள்தான் சரி செய்தீர்கள், யாருக்கும் ஒரு கீறல் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அதைத் திரும்பப் பிடித்து இழுத்துத் தலையிலேயே வைத்துக்கொள்வேன் என்றால் என்ன செய்வது?

உங்களுக்கு இன்னும் கொஞ்ச வருஷம்தான். திட்டுவார்கள், விட்டுவிடுவார்கள். எனக்கு அப்படியில்லை. ஒப்படைப்பில் பொய் எழுதினவன் என்று பெயர் வந்தால் வெந்நீர்க் கம்பெனி மட்டுமில்லை, தண்ணீர் லாரிக் கம்பெனிகூட எடுக்காது. இந்த வயல் மூடுகிற அன்றைக்கு நாற்பத்தெட்டோ நாற்பத்தொன்பதோ வயதில் நான் தெருவில் நிற்பேன். உங்கள் தங்கையும் பக்கத்தில் நிற்பாள்.

அவளுக்கும் தெரிந்துவிட்டது. உங்கள் கடிதம் என் கையிலிருந்து நழுவிவிட்டது, எடுத்துப் படித்துவிட்டாள். துணி மடிக்கப் போய்விட்டாள்.

கடைசியாக ஒன்று. நான் போவதில் உங்களுக்கு முதலிலிருந்தே இஷ்டமில்லை. வெந்நீர், வெந்நீர் என்று கேலி செய்ததிலேயே தெரிந்தது. இது உங்களுக்கு நல்ல சாக்காகக் கிடைத்துவிட்டதோ என்று நினைக்கிறேன். நினைக்கக் கூடாது, ஆனாலும் நினைக்கிறேன்.

மாப்பிள்ளை


மேடையிலிருந்து
பிப்ரவரி 18

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே ஆபீஸுக்கு எழுதிவிட்டேன். கேஜ் எப்போது கெட்டது என்று தெரியாது, ஏனென்றால் நாங்கள் இரண்டு பேருமே வெகுநாளாகச் சோதிக்கவில்லை, உறவுக்காரர்கள் என்பதால் ஒருவர் எழுதினதை ஒருவர் அப்படியே ஏற்றுக்கொண்டோம் என்று எழுதினேன். உங்கள் கடிதம் முன்னால் வந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்று கேட்டால், இரண்டு நாள் யோசித்திருப்பேன். முடிவில் இதைத்தான் எழுதியிருப்பேன்.

பதில் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் எழுத்தில் எச்சரிக்கை. என்னை ஷிப்டின் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பத்து வருஷமாகப் புது ஆட்களுக்கு நான் நடத்திக்கொண்டிருந்த வகுப்பை இனி மருத்துவ உதவியாளர் நடத்துவார். நேற்று நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகவே நடத்துகிறார்.

ஏழாம் கிணற்றை அடைத்தாயிற்று. கழற்றி எடுத்த உள்குழாயில் ஓர் இணைப்பு மெல்லிசாகத் தேய்ந்து, பல்லிடுக்கு மாதிரி இடைவெளி. எடுத்தவர், "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா..." என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு மாசம் உங்கள் ஷிப்ட், மாப்பிள்ளை. அந்தச் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பது நீங்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

நீங்கள் போகக் கூடாது என்று எனக்கு ஆசையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், ஆசைதான். எட்டு வருஷமாக என் கட்டில், என் நாற்காலி, என் பேனா, எல்லாவற்றுக்கும் மறுபாதி நீங்கள். ஆனால் அதற்காக இதைச் செய்யவில்லை. நீங்கள் நம்பினால் நம்புங்கள்.

சான்றுத் தாளில் 'ஒருபோதும் கண்டதில்லை' என்று நான் எழுதப்போவதில்லை. வெந்நீர்க் கம்பெனியிடம் மார்ச் முடிவு வரை நேரம் கேட்டு எழுதியிருக்கிறேன். கொடுத்திருக்கிறார்கள். என்ன எழுதுவது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

மச்சான்


வீட்டிலிருந்து
மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

ஹெலிகாப்டர் தளத்தில் நீங்கள் கை கொடுக்கவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அவ்வளவு காற்று அன்றைக்கு இல்லை. போகட்டும்.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். குட்டி ஓடிவந்து, "மாமா, அப்பா கோவமா இருக்காங்க, உங்ககூடப் பேசக் கூடாதா?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். உங்கள் வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே ஆதரவு அது.

என் தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்த சத்தத்திலேயே நிலவரம் புரிந்தது. உங்களை விட்டுக்கொடுக்காமல் என்னைத் திட்டுவாள், வாங்கிக்கொண்டு வரலாம் என்றுதான் போனேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை கொடுத்ததுல பதினெட்டுப் பேர் செத்திருப்பாங்க. அவர் எழுதினதை நீ பார்க்காம விட்டியே, அதுக்குப் பேரு மரியாதை இல்லண்ணா. கீழ இறங்கி ஏறச் சோம்பல். அதுக்கு என் பேரைச் சாக்கா வச்சுக்கிட்டீங்க, ரெண்டு பேரும்."

அவளே மறுபடியும், "அவருக்கு இந்த வேலை கிடைச்சா நல்லதுதான். கிடைக்கலேன்னா சமாளிச்சுக்குவோம். ஆனா ஒருத்தர் செத்து ஒருத்தர் உயிரோட இருந்திருந்தா, அந்த ஒருத்தர் மூஞ்சியில நான் எப்படி முழிச்சிருப்பேன்? அதை ரெண்டு பேர்ல யாராவது யோசிச்சீங்களா?" என்றாள். அதற்கப்புறம்தான் அழுதாள்.

நான் யோசிக்கவில்லை. நீங்களும் யோசித்திருக்கமாட்டீர்கள்.

உங்களைச் சமாதானப்படுத்த எழுதவில்லை. அவள் சொன்னதை உங்களிடம் சேர்க்காமல் வைத்துக்கொள்வது சரியில்லை என்றுதான் எழுதுகிறேன்.

மச்சான்


மேடையில், மேஜைமேல்
மார்ச் 25

மச்சானுக்கு,

நாளைக்கு நீங்கள் வந்து உட்காரும்போது இது மேஜைமேல் இருக்கும். ஒப்படைப்பு விவரம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இது தனி.

அவள் சொன்னதைப் படித்தேன். அதைப் படித்த பிறகு உங்கள்மேல் கோபப்பட வழி தெரியவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் கோபம் வந்தது.

இந்த நாலு வாரமும் இங்கே சுகமாக இல்லை. நான் உள்ளே போனால் சாப்பாட்டு அறையில் பேச்சு நிற்கும். கிரேன்காரர் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எங்க வீட்லயும் இப்படித்தான் சார், கேஸ் அடுப்பை அவ மூடியிருப்பான்னு நானும் நான் மூடியிருப்பேன்னு அவளும்..." என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். மேடையில் இருக்கிற கையால் பார்க்கும் கேஜ் ஒவ்வொன்றையும் வால்வை மூடித் திறந்து சோதித்தேன். உங்களுடைய தவறு இன்னும் ஒன்றாவது கிடைக்காதா என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டாம் கிணற்றில் ஒரு கேஜ் தூங்கிக்கொண்டிருந்தது, மாற்றிவிட்டேன். அது உங்கள் தவறா என் தவறா என்று பார்த்தால், வழக்கம்போல இரண்டு பேருடையதும்தான். நடுவில் எப்போதோ கோபம் போய்விட்டது, வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. எட்டு வருஷத்தில் இந்த மேடை இவ்வளவு நன்றாக எனக்குத் தெரிந்ததில்லை. விட்டுப் போகிற நேரத்தில் தெரிகிறது.

இப்போது நான் கேட்கிறேன். நான் எழுதி வைத்திருக்கும் எதையும் நம்பாதீர்கள். ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே இறங்குங்கள். கிரேன்காரர் பார்க்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அந்தத் தாளில் என்ன தோன்றுகிறதோ எழுதுங்கள். நல்லதாக எழுதச் சொல்லி இனிமேல் கேட்கமாட்டேன்.

இது சமாதானம் இல்லை. ஆனால் தளத்தில் கை கொடுப்பேன்.

மாப்பிள்ளை


மேடையிலிருந்து
மார்ச் 29

மாப்பிள்ளைக்கு,

கை கொடுத்தீர்கள். ஹெலிகாப்டர் சத்தத்தில் என்னவோ சொன்னீர்கள், காதில் விழவில்லை. நல்லதாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

வந்த அன்றே ஸ்பானரோடு இறங்கினேன். இரண்டு நாள் ஆயிற்று. என் முழங்கால் இனி ஏணியைப் பார்த்தாலே அழும். நீங்கள் எழுதினது ஒவ்வொன்றையும் சோதித்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒன்றாவது தப்பாக இருக்கட்டும் என்று எனக்குள் ஒருத்தன் வேண்டிக்கொண்டே வந்தான். ஒன்று தப்பாக இருந்தால் நீங்கள் போகமாட்டீர்கள். நாலு வாரம் கழித்து அதே தளத்தில் அதே தொப்பியோடு வந்து நிற்பீர்கள். ஐந்தாம் கிணற்றில் எனக்குப் பன்னிரண்டு என்று தெரிந்தது, நீங்கள் பதினொன்று என்று எழுதியிருந்தீர்கள். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் நான் சாய்வாக நின்று பார்த்திருக்கிறேன். நேராக நின்றால் பதினொன்றுதான்.

சான்றுத் தாளை எழுதிப் பையில் போட்டுவிட்டேன். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இரண்டு பதிலை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தவறு கண்டிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு: "ஆம். ஒரு கிணற்றில் அழுத்தம் காட்டும் கேஜ் பழுதாகி நின்றிருந்தது. அதை அவரும் சோதிக்கவில்லை, நானும் சோதிக்கவில்லை. அதற்கு முந்தைய எட்டு வருடங்களைப் பற்றி நான் எது சொன்னாலும் நம்ப வேண்டாம், நான் சரிபார்த்ததில்லை. இந்த மாதம் அவர் ஒப்படைத்ததை முழுவதும் சரிபார்த்தேன். தவறு தேடித்தான் போனேன். கிடைக்கவில்லை."

கடைசியில், உங்களுக்கும் இவருக்கும் உறவு ஏதாவது உண்டா, அது உங்கள் பதிலைப் பாதிக்குமா என்று கேட்டிருந்தார்கள். அதற்கு: "என் தங்கையின் கணவர். பாதிக்கும். இவர் போய்விட்டால் எனக்கு இப்படி ஓர் ஆள் கிடைக்கப்போவதில்லை. இவர் போகக் கூடாது என்றுதான் விரும்புகிறேன். ஆகவே இவரைப் பற்றி நான் சொல்லும் நல்லதெல்லாம் எனக்கு நஷ்டம். அதனால் நம்பலாம்."

மச்சான்


வீட்டிலிருந்து
ஏப்ரல் 16

அன்புள்ள மச்சானுக்கு,

வேலை கிடைத்துவிட்டது. ஆறு மாதம் இன்னொருவரின் பார்வையில் வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை. சரி என்றேன். பேட்டி எடுத்தவர் உங்கள் தாளை என் முன்னால் விரித்து வைத்து, "உங்க மச்சான் எங்ககிட்ட வேலைக்கு வருவாரா?" என்று கேட்டார். ஏணி இல்லாத வேலையாக இருந்தால் வருவார் என்றேன்.

இதுவும் நிரந்தரமில்லை, தெரியும். இதுவரை இரண்டு கிணறு துளைத்திருக்கிறார்கள். மூன்றாவதில் போதுமான சூடு இல்லை என்றால் கம்பெனியே இருக்காதாம். எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று குழம்பிக்கொண்டிருந்தவன் இனி சூடு எவ்வளவு இருக்கிறது என்று குழம்ப வேண்டும். பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்பதை மேலே நின்றுகொண்டு ஊகிக்கிறதுதான் நம் பிழைப்பு, அது மாறவில்லை. எனக்குப் பதிலாக மேடைக்கு வேறு வயலிலிருந்து ஓர் அம்மா வருகிறார்களாம். கண்டிப்பானவர் என்று கேள்வி. நீங்கள் எழுதிக் கொடுக்கிற ஒரு வரியைக்கூட நம்பமாட்டார்களாம். எனக்கு நிம்மதி.

குட்டியிடம் அப்பா இனி போகமாட்டேன் என்றேன். "அப்ப இன்னொரு கட்டில் வாங்கணும்" என்றாள். வாங்கிவிட்டோம்.

உங்கள் தங்கை ஒன்று கேட்கச் சொன்னாள். அடுத்த வாரம் நீங்கள் கரை இறங்குகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு சாப்பிட வர வேண்டும். எதையாவது சொல்லித் தட்டிக்கழிக்க வேண்டாம். வாருங்கள் மச்சான், நான் வீட்டில் இருப்பேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை